வாசற்படிக்கு உள்ளே ஒரு ஜோடி

ஸ்ரீராம்புரத்தில் சொர்ணத்தின் வீட்டுக்கு வந்து போகிற எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். வாசற்படியைத் தாண்டிச் செருப்பு உள்ளே போகக் கூடாது. கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற ஆளாக இருந்தாலும் சரி, ஓட்டு கேட்டு வருகிற கட்சிக்காரர்களாக இருந்தாலும் சரி, கால் படியில் ஏறும்போதே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"செருப்பு!"

அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

வீடு என்றால் ஒரே அறை. இடது மூலையில் அடுப்பு. வலது மூலையில் சுவரில் அடித்த பலகை, அதன் மேல் மாரியம்மன் படமும் ஒரு பித்தளை விளக்கும். நடுவில் ஒரு கட்டில். அதனால் சாமி அறை என்று தனியாக ஒன்று இல்லை. வீடு முழுவதுமே சாமி அறைதான். மகள் தாரணிக்கு நாலு வயதில் அம்மை போட்டுப் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, "இந்த வீட்டையே உனக்குக் கோயிலா வச்சுக்கிறேன் தாயே, புள்ளைய மட்டும் குடுத்துடு" என்று சொர்ணம் வேண்டிக்கொண்டாள். தாரணி பிழைத்தாள். இப்போது கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இருபது வருஷமாகச் சொர்ணம் அந்த வாக்கைக் காப்பாற்றி வந்தாள். தினமும் சிவப்புச் சிமெண்டுத் தரையை இரண்டு முறை துடைப்பாள்.

அவள் கணவர் எத்திராஜ் தண்ணீர் வால்வு திறக்கிறவர். எந்தச் சந்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்து போனால், "எத்திராஜண்ணா, இன்னைக்கு இன்னும் பத்து நிமிஷம் சேர்த்து விடுண்ணா" என்று குடத்தோடு பெண்கள் கெஞ்சுவார்கள். "உங்க சந்துல குடம் ஜாஸ்தியாயிட்டுதா, பேச்சு ஜாஸ்தியாயிட்டுதா?" என்று கேட்டுவிட்டு, பத்துக்குப் பதில் பன்னிரண்டு நிமிஷம் விடுவார்.

அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. கால் மரத்துப் போனது எப்போது என்று அவருக்கே தெரியாது. தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், ரப்பர் பூட்சுக்குள் ஒரு சிறு ஜல்லிக்கல் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டே காலையிலிருந்து மத்தியானம் வரை நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பூட்சைக் கழற்றியபோது கல்லும் கொட்டியது, ரத்தமும் கொட்டியது. "வலிக்கலியே" என்று சொல்லி, மஞ்சளைக் குழைத்து வைத்துப் பத்து நாள் விட்டுவிட்டார். அதற்குள் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, எட்டணாக் காசு அளவுக்குக் குழி விழுந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் பாதத்துக்கென்றே தனியாகப் பார்ப்பார்கள். டாக்டர் வீணா கன்னடக்காரர், தமிழும் பேசுவார். புண்ணின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடித் தாளை வைத்து, அதன் ஓரத்தைப் பேனாவால் அப்படியே வரைந்து, தேதி போட்டு வைப்பார். அடுத்த வாரம் வரைந்ததை முந்தின வாரத்துத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் புண் சுருங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது வாரம் அவர் ஐந்து தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஐந்து வட்டமும் ஒரே வட்டமாகத் தெரிந்தன.

"நோடி எத்திராஜ், இங்க பாருங்க, ஸ்வல்பம்கூடக் குறையல. சுகர் பரவாயில்ல, ஊசி சரியாப் போடுறீங்க, கட்டு சுத்தமா இருக்கு. அப்புறம் ஏன் ஆறல? இந்தச் செருப்பை வீட்டுக்குள்ளயும் போடுறீங்களா?"

அது ஆஸ்பத்திரியிலேயே தைத்துக் கொடுத்த செருப்பு. உள்ளே மெத்தென்ற கறுப்பு ரப்பர். புண் வருகிற இடத்தில் பாரம் விழாதபடி அங்கே மட்டும் குடைந்திருக்கும்.

"போடுறேன் மேடம்," என்றார் எத்திராஜ்.

"பாத்ரூம் போறப்ப? சமையல்கட்டுக்குப் போறப்ப?"

"எப்பவும் போடுறேன் மேடம்."

பக்கத்தில் நின்ற சொர்ணம் தரையைப் பார்த்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இன்னும் ஆறு வாரம் பார்ப்போம். அதுக்குள்ள சுருங்கணும். இல்லன்னா எலும்புக்குள்ள போயிடும். அப்புறம் பெருவிரலோட முன்பாதத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிடும். பயமுறுத்தலம்மா. உள்ளதைச் சொல்றேன்."

வால்வுச் சாவியைத் திருப்புகிறவனுக்கு வலது காலின் பெருவிரல்தான் பலம். அதை ஊன்றித்தான் உடம்பைத் திருப்ப வேண்டும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. இருவரும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சொர்ணம்தான் கேட்டாள். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன இன்னா சொல்லணும்? எங்க வீட்டுக்காரி, உள்ள சாமி இருக்குது, வாசல்லயே செருப்பை வுட்டுட்டு வான்னு சொல்லுதுன்னா? அந்தம்மா உன்னத் திட்டும்."

"திட்டுனா திட்டட்டும்."

"உன்ன ஒருத்தரும் திட்ட வேணாம்," என்று சொல்லிவிட்டு எத்திராஜ் வெளியே பார்த்தார். "போதும் வுடு. கட்டில்லயேதான உக்காந்துனு இருக்கேன்."

அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பவர் அல்ல என்பது இருவருக்கும் தெரியும். தண்ணீர் குடிக்க எழுவார். சந்தில் யாராவது கூப்பிட்டால் வாசலுக்குப் போவார். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மன் முன்னால் நிற்பார். எல்லாம் வெறுங்காலோடுதான்.

மாலையில் கேத்தரின் வந்தாள். இதே சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவள். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் வந்து எத்திராஜுக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போவாள். ஒருநாள்கூட அவளைப் பார்த்துச் சொர்ணம் "செருப்பு" என்று சொல்ல நேர்ந்ததில்லை. கேத்தரின் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு, காலையும் குழாயில் கழுவிக்கொண்டுதான் ஏறுவாள்.

அன்றைக்குப் பழைய கட்டை அவிழ்த்து, சுருட்டிப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

சொர்ணம் வந்தாள். துணியின் அடிப்பக்கம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"இது ரத்தமில்ல," என்றாள் கேத்தரின். "உங்க தரையோட சாயம். தினமும் பார்த்துட்டுதான் இருக்கேன்."

எத்திராஜ் கூரையைப் பார்த்தார். "கேத்தரினு, நீ நர்ஸா, போலீஸா?"

"போலீஸா இருந்தா மேடம்கிட்ட என்னைக்கோ சொல்லியிருப்பேண்ணா." அவள் சிரித்துக்கொண்டே புண்ணை உப்புநீரால் கழுவினாள். பிறகு சொர்ணத்திடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நமக்குப் புண்ணு இருந்தா கால் தானா நொண்டும். பாரத்த அந்தப் பக்கம் போட வுடாது. அண்ணாவுக்கு அந்த வலியே இல்ல. அதனால ஒவ்வொரு அடிக்கும் புண்ணு மேலயே ஏறி நிக்கிறாரு. நான் சாயந்திரம் கட்டுறது மறுநாள் காலைலயே நசுங்கிப் போவுது."

"நான் இன்னா பண்ணட்டும் கேத்தரின்? வாக்கு குடுத்துட்டேனே."

வாக்கு என்றால் என்ன என்று கேத்தரினுக்கும் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமிசம் தொடாதவள் அவள். கட்டைப் போட்டு முடித்து, "நாளைக்கு வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சொர்ணம் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய சேலைகளை நாலாக மடித்து, கட்டிலிலிருந்து அடுப்பு வரை, கட்டிலிலிருந்து வாசல் வரை, கட்டிலிலிருந்து சாமிப் பலகை வரை பாதை போல விரித்தாள். எத்திராஜ் அதில் நடந்தார். "மந்திரி வராருன்னு கம்பளம் விரிச்ச மாதிரி இருக்குதுடி" என்று கேலி செய்தார். சேலை மெத்தென்று இருந்ததே தவிர, புண்ணின் மேல் விழுகிற பாரத்தை அது தாங்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் வரைந்த ஆறாவது வட்டமும் பழைய வட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சொர்ணம் சேலைகளைச் சுருட்டி எடுத்துவிட்டாள்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டுச் சொர்ணம் தூபக்காலில் கொட்டாங்கச்சி நெருப்பை எடுத்து வந்தாள். சாம்பிராணி போட்டு, அடுப்படிக்கும் கட்டிலுக்கும் காட்டிவிட்டுக் கடைசியில் அம்மனுக்குக் காட்டினாள். எத்திராஜ் அம்மன் முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டை, பாதி வார்த்தைகளை முழுங்கி, பாடிக்கொண்டிருந்தார். சொர்ணம் நெருப்பை விசிறினாள். கொட்டாங்கச்சி ஒன்று படக்கென்று வெடித்தது. அது வழக்கமாக வெடிப்பதுதான். எத்திராஜ் பாடிக்கொண்டே கால் மாற்றி நின்றார்.

சாம்பிராணி வாசனைக்குள் வேறொரு வாசனை வந்தது. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு மறந்துவிட்டோமா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. மறுபடியும் திரும்பி, கீழே பார்த்தாள்.

எத்திராஜின் இடது குதிகாலுக்கு அடியிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. புண் இல்லாத கால், நல்ல கால் என்று அவர்கள் நினைத்திருந்த கால். அவர் பாடிக்கொண்டே இருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அம்மனைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"காலு! கால எடுங்க! ஐயோ, கால எடுங்க!"

"ஏன்டி கத்தற?" என்றார் அவர், அங்கேயே நின்றபடி.

அவள் அவரைத் தள்ளிக் கட்டிலில் சாய்த்தாள். வெடித்துத் தெறித்துக் குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்த நெருப்புக் கங்கைத் தன் விரலாலேயே பிடுங்கி எறிந்தாள். அவள் விரல் சுட்டது. "ஸ்ஸ்" என்று உதறினாள். அந்த "ஸ்ஸ்" அவர் வாயிலிருந்து வரவில்லையே என்று அப்போதுதான் நினைத்தாள். தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டுக் கேத்தரின் ஓடி வந்தாள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, காயத்தைப் பார்த்து, மூச்சு விட்டாள். "நல்ல வேளை. மேல்தோலோட போச்சு." யாரையும் அவள் குறை சொல்லவில்லை. சொர்ணத்தின் சுட்ட விரலுக்கும் மருந்து போட்டாள். போகும்போது, சொர்ணம் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இத அண்ணா பாதத்துக்கு அடியில வச்சுப் பாருங்கக்கா. விரல் இடுக்கெல்லாம் பாருங்க. அவருக்குத் தெரியாதத நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

மறுநாள் காலை சொர்ணம் விளக்கேற்றி, அம்மன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பூக்கட்டிப் போட்டுப் பார்க்கவில்லை. குறி கேட்கப் போகவில்லை. மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

செருப்புத் தைக்கிற அறை ஒரு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ரெமிஜியஸ் என்று ஒருவர், வாயில் இரண்டு ஆணியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாக உணர்ச்சியில்லாத கால்களுக்கே செருப்புத் தைக்கிறவர். முதலில் தொழுநோய் ஆஸ்பத்திரியில், பிறகு இங்கே.

"ஐயா, எத்திராஜ்ன்னு, வலது கால்ல புண்ணு. அவருக்கு இன்னொரு ஜோடி வேணும்."

அவர் ஆணிகளை எடுத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். "அளவு இருக்கு. போன ஜோடி அதுக்குள்ள தேஞ்சிட்டுதா?"

"தேயல. அது தெருவுக்கு. இது வீட்டுக்கு." சொர்ணம் தயங்கினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: அம்மை, வாக்கு, ஒரே அறை, கங்கு. "தெரு மண்ணையே மிதிக்காத செருப்பா இருக்கணும். தோலு இல்லாம இருக்கணும். அப்படித் தெக்க முடியுமா?"

ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. நோட்டில் இருந்த அளவை இன்னொரு முறை பார்த்தார்.

"தோலு வேணாம். ரெக்சின்ல வார் வச்சுத் தெச்சிடலாம். தினமும் கழுவலாம். உங்க அம்மனுக்கு என்ன கலர் புடிக்கும்?"

"மஞ்சள்."

"மஞ்ச ரெக்சினா? அது ஆட்டோ சீட்டுக்குத்தாம்மா வரும்."

"ஆட்டோ சீட்டே இருக்கட்டும்," என்றாள் சொர்ணம். பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆயுத பூஜைக்குள்ள குடுத்துடுறேன். நீங்க வர வேணாம். விலாசம் சொல்லுங்க."

ஆயுத பூஜை அன்று சொர்ணம் வீட்டைக் கழுவினாள். அரிவாள்மனை, கத்தி, அடுப்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கதவுக்குப் பின்னால் இரண்டு மாதமாகச் சும்மா சாய்ந்திருந்த வால்வுச் சாவியை எத்திராஜே துடைத்துக் கொடுத்தார். அதை அம்மன் பலகைக்குக் கீழே படுக்க வைத்து மாலை போட்டாள். பத்து மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தன் செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டிருந்தார். புது வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"பஸ்ல மடியிலதாம்மா வச்சிருந்தேன்," என்றார் ரெமிஜியஸ். "தெச்சு முடிச்சதுலேருந்து கீழ வைக்கல."

சொர்ணம் தாம்பாளத்தை நீட்டினாள். அவர் பொட்டலத்தை அதில் வைத்தார். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, எத்திராஜின் கால்களைக் குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

துணியைப் பிரித்ததும் எத்திராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். சொர்ணம் அந்த மஞ்சள் வார்ச் செருப்புக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வால்வுச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏ சொர்ணம், இன்னாடி பண்ற? பைத்தியம் புடிச்சிட்டுதா?"

"சாவி உங்க கைக்கு. இது உங்க காலுக்கு. ரெண்டும் ஆயுதம்தான்."

"எடு மொதல்ல. நான் போட மாட்டேன். இருபது வருஷமாக் காப்பாத்துன. என் ஒருத்தன் காலுக்காவ அத உடைக்க நான் வுட மாட்டேன். போனா போவுது கட்டை வெரலு."

"நான் தாரணி உசுருக்காகத்தான் வாக்கு குடுத்தேன். அதுக்குப் பதிலா உங்க கால எடுத்துக்கன்னு குடுக்கல." அவள் குரல் உயரவில்லை. "வாக்கு குடுத்தவ நானு. கேட்க வேண்டியவளும் நானு. கேட்டுட்டேன்."

"அம்மன் இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. திட்டவும் இல்ல. நீங்கதான் திட்டுறீங்க."

சொர்ணம் கற்பூரம் காட்டினாள். பிறகு செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. வலது காலில் கட்டு நசுங்காதபடி மாட்டினாள். இடது காலில் குதிகால் காயம் படாதபடி மாட்டினாள். வார்களை இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் கட்டி, உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள்.

"எழுந்திரிங்க. அம்மனைக் கும்பிடுங்க."

அவர் எழுந்தார். இருபது வருஷத்தில் முதல் முறையாக அந்த வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. தப், தப் என்று நாலடி. அம்மன் முன்னால் போய் நின்றார். கண்ணை மூடவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கோபம் இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல. ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் போலவே இருந்தது அம்மன் முகம்.

"ஆட்டோ மேல ஏறி நிக்கற மாதிரி இருக்குதுடி," என்றார்.

பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. முதல் வாரம் வட்டம் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு ஓரம் மட்டும் உள்ளே வந்திருந்தது. பேனாக் கோட்டின் தடிமன் அளவுக்கு. தினமும் ராத்திரி சொர்ணம் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். கேத்தரின் அவிழ்த்த கட்டு வெள்ளையாகவே இருந்தது. நாலாவது வாரம், டாக்டர் சொன்ன கெடு முடிகிற வாரம், புதுத் தாளைப் பழைய தாள்களின் மேல் வைத்தபோது, பெரிய வட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் தனியாகத் தெரிந்தது. துவரம்பருப்பு அளவு.

டாக்டர் வீணா தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரலுக்கு இனி பயமில்ல. செருப்பை வீட்டுக்குள்ள போடுறீங்கதானே?"

"போடுறேன் மேடம். இப்ப சொல்றது நிஜம்."

"அப்போ முன்னாடி சொன்னது?"

எத்திராஜ் மனைவியைப் பார்த்தார். சொர்ணம் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"முன்னாடி எனக்காகப் பொய் சொன்னாரு மேடம். எங்க வீடு ஒரே ரூமு. அதுலதான் சாமியும் இருக்கு. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான்தாம்மா சரியாக் கேட்கல" என்றார்.

அவர்கள் வெளியே வந்து மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது, அடுத்ததாக உள்ளே போன ஒரு பெரியவரிடம் டாக்டர் பேசுவது கதவு வழியாகக் கேட்டது. "தாத்தா, உங்க வீட்டுல சாமி எங்க இருக்கு? அங்க போறப்ப கால்ல என்ன போட்டுக்கறீங்க?"

எத்திராஜ் சொர்ணத்தின் முழங்கையை இடித்தார். "உன் கேள்வி."

தை மாதம் அவர் வேலைக்குத் திரும்பினார். சாவியைத் திருப்புகிற இடத்தில் எல்லாம் பெருவிரலை ஊன்றுவதில்லை. உடம்பை வேறு மாதிரி சாய்க்கக் கற்றுக்கொண்டார். பூட்சைப் போடுமுன் தலைகீழாகக் கவிழ்த்து மூன்று தட்டு தட்டுவார். சாயந்திரம் வீடு திரும்பினால் தெருச் செருப்பைப் படிக்குக் கீழே விடுவார். படிக்கு உள்ளே, சுவரோரமாகக் கழுவித் துடைத்த மஞ்சள் ஜோடி காத்திருக்கும். படியில் உட்கார்ந்தபடியே அதை மாட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் தூபம் காட்டுவதற்கு முன்பு சொர்ணம் அம்மன் முன்னால் தரையை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்க்கிறாள். பிறகு அவரைக் கூப்பிடுகிறாள். அவர் சில நாள் அசதியில் மறந்து, வெறுங்காலோடு அப்படியே எழுந்து வருவார். அடுப்படியில் இருந்தாலும், திரும்பிப் பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தப், தப் என்ற அந்தச் சத்தம் வரவில்லை என்றால், எண்ணெய்க் கையோடு அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"செருப்பு!"